மல்லுக்கட்டும் மனசு

திருப்பூரின் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசரின் நாள் மின்னஞ்சலில்தான் தொடங்கும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று பேசுபவர் அவர். நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை எது தாமதமானாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஐரோப்பாவில் மாலையாகும்போது இங்கே இரவாகிவிடும். எனவே அங்கிருந்து கடைசியாக எழுதியதெல்லாம் இங்கே விடிந்ததும் வரிசையாகக் காத்திருக்கும்.

சாயப்பட்டறையில் ஷேடு சரியாக வரவில்லை, சரக்கு கப்பலேறப் பத்து நாள் கூடுதலாகும் என்று முந்தைய நாள் எழுதியிருப்பார். பதிலில் ஒரே வரி இருக்கும்: ‘வீ ஆர் ரிலக்டன்ட் டு எக்ஸ்டெண்ட் த டெலிவரி டேட்.’ இதைப் படித்துவிட்டு முதலாளியிடம் போய் என்ன சொல்வது? “தயங்கறாங்க, இன்னொருக்காக் கேட்டா குடுத்துருவாங்க” என்றும் சொல்லலாம். “முடியாதுன்னுதானுங்க சொல்றாங்க” என்றும் சொல்லலாம். முதல் வாசிப்பை நம்பி நிதானமாக வேலை நடந்து, அது தப்பாகிவிட்டால், தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு கம்பெனியின் சொந்தச் செலவில் விமானம் ஏறும். ஒரு ஆர்டரில் வரும் லாபம் முழுவதும் அந்தக் கட்டணத்திலேயே கரைந்துபோவதுண்டு.

இவ்வளவும் ஒற்றைச் சொல்லைப் பொறுத்தது. ‘ரிலக்டன்ட்’ என்பது பெயரடை. அதன் பெயர்ச்சொல் ‘ரிலக்டன்ஸ்’. ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினால் தயக்கம், விருப்பமின்மை, மனமின்மை என்று பொருள் இருக்கும். பெரும்பாலோர் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் சிக்கல் பாதி தெளியும். லத்தீனில் ‘லுக்டாரி’ என்றால் மல்லுக்கட்டுவது, மற்போர் செய்வது. அதற்கு முன்னால் ‘ரி’ சேர்ந்தால் எதிர்த்து மல்லுக்கட்டுவது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘ரிலக்டன்ஸ்’ அந்தப் பழைய பொருளைச் சுமந்தே வந்தது. எதிர்த்துப் போராடுவதுதான் அதற்கு அர்த்தம். 1667இல் வெளிவந்த தன் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் மில்டன் ‘ரிலக்டன்ட்’ என்ற அடைமொழியைத் தீச்சுவாலைக்குக் கொடுத்திருக்கிறார். தீக்கு விருப்பமும் வெறுப்பும் ஏது? புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டு எழும் தீ என்பதே அவர் சொல்ல வந்தது. நாளடைவில் அந்த மற்போர் வெளியிலிருந்து மனசுக்குள் போய்விட்டது. இன்றைக்கு ‘ரிலக்டன்ஸ்’ என்றால் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி ஒரு பக்கம் இழுக்க, மனசு மறுபக்கம் இழுக்கும் நிலை.

தயக்கம் இதுவல்ல. கட்டிங் மேசையில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் கையில் கட்டிங் மெஷினைக் கொடுத்து, அடுக்கி விரித்த துணியை வெட்டச் சொன்னால் அவன் கை நிற்கும். எங்கே தொடங்குவது, கோடு தவறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. அது தயக்கம், ஆங்கிலத்தில் ‘ஹெசிடேஷன்’. அதே மேசையில் இருபது வருஷம் வேலை பார்த்த கட்டிங் மாஸ்டரிடம் ஜி.எஸ்.எம். (துணியின் எடையளவு) குறைந்த, சுருக்கம் சரிபார்க்காத துணியைக் கொடுத்து, “இன்னைக்கே வெட்டியாகணும்” என்றால் அவரும் ஒரு நிமிஷம் நிற்பார். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. துவைத்தால் இது ஒரு சைஸ் குறையும், பீஸ் திரும்பி வரும் என்பதெல்லாம் அத்துப்படி. “வெட்டச் சொல்றீங்க, வெட்டறனுங்க. அப்பறம் என்னையச் சொல்லக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டு வெட்டுவார். அதுதான் ‘ரிலக்டன்ஸ்’. தயங்குகிறவருக்கு வழி தெரியவில்லை. இவருக்கு வழி தெரிகிறது, அதில் போகத்தான் மனசில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா இருக்கிறது? ‘மனசு ஒப்பல’ என்பது ஏறக்குறைய அதே எடை. ‘அரைமனசா’ என்றால் கொஞ்சம் இளக்கம். பாதி மனசாவது வந்துவிட்டது. ‘வேண்டாவெறுப்பா’ என்றால் அளவு கூடிவிடுகிறது, கசப்பு வெளியே தெரிகிறது. பேச்சில் இவ்வளவு நுட்பமாக அளந்து பேசும் மொழிக்காரர்களான நாம், ஆங்கிலக் கடிதத்தைப் படிக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் ‘தயக்கம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

கொங்குப் பேச்சில் இன்னொரு சொல்லும் உண்டு: ‘பார்க்கலாமுங்க.’ கடன் கேட்கப் போனவரிடமோ, ஜாப் ஒர்க் ரேட்டைக் கூட்டக் கேட்டவரிடமோ இந்தச் சொல் வந்துவிட்டால் கேட்டவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்துவிடுவார். வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் நம்பிக்கையோடு மறுநாளும் வந்து நிற்பார். எழுத்துப்படி அதில் மறுப்பே இல்லை. முகம் முறியாமல், மரியாதை குறையாமல், மனமில்லை என்பதைச் சொல்ல இந்த ஊர் கண்டெடுத்த வழி அது. ஆங்கிலேயர்களின் வணிகக் கடிதத்தில் ‘ரிலக்டன்ட்’ செய்யும் வேலையும் பெரும்பாலும் இதுவே. ‘நோ’ என்று எழுதினால் கதவை அறைந்து சாத்தியதுபோல் இருக்கும் என்பதால் இந்தச் சொல்லை எழுதுகிறார்கள். ‘பார்க்கலாமுங்க’ என்பதை எப்படிக் கேட்டுப் பழகியிருக்கிறோமோ அப்படியே அதையும் வாசிக்க வேண்டும்.

ஆனால் கதவு முழுதும் சாத்தவில்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அன்வில்லிங்’ என்று எழுதியிருந்தால் பேச்சு முடிந்தது. ‘ரிலக்டன்ட்’ என்றால் மனசு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. இழுப்பைத் தளர்த்த எதிர்ப்பக்கம் ஏதாவது கொடுத்தால் அசையலாம். பாதிச் சரக்கையாவது சொன்ன தேதியில் அனுப்புகிறோம் என்றோ, விலையில் இத்தனை சதவீதம் குறைக்கிறோம் என்றோ எழுதுவது அந்த இடத்துக்குப் பொருந்தும் பதில். கைவசம் எதுவும் கொடுக்காமல் இன்னொரு முறை கெஞ்சுவது பொருந்தாத பதில்.

சொல் வாக்கியத்தில் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். ‘ரிலக்டன்ட் டு அக்செப்ட்’ என்றால் இன்னும் ஏற்கவில்லை. ‘ரிலக்டன்ட்லி அக்செப்ட்’ என்றால் ஏற்றாகிவிட்டது, மனசுதான் வரவில்லை. இரண்டுக்கும் ஒரு கப்பல் தூரம். லேப் டிப் என்னும் சாய மாதிரியில் ஷேடு கொஞ்சம் விலகியிருக்க, “இந்த ஒருமுறை ஏற்கிறோம்” என்று வரும் கடிதம் இரண்டாம் வகை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆர்டரிலும் அதே ஷேடை அனுப்பினால் அந்த வாடிக்கையாளர் மூன்றாவது ஆர்டருக்கு வரமாட்டார். ‘வித் கிரேட் ரிலக்டன்ஸ்’ என்று வந்தால் அதற்கு அர்த்தம் முடிவு எடுத்தாகிவிட்டது என்பதே. ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதங்களிலும் ராஜினாமாக் கடிதங்களிலும் இந்தத் தொடர் அடிக்கடி தலைகாட்டும்.

இதோடு அடிக்கடி குழம்பும் இன்னொரு சொல் ‘ரெட்டிசன்ஸ்’. அது பேச மனமில்லாமை. மௌனத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. வாய் திறக்காதவர் ‘ரெட்டிசன்ட்’, காரியத்துக்கு மனம் வராதவர் ‘ரிலக்டன்ட்’. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இரண்டையும் கலந்து எழுதத் தொடங்கி, மெரியம்–வெப்ஸ்டர் அகராதி அந்தக் கலப்பையும் ஒரு வழக்காகப் பதிவுசெய்திருக்கிறது. திருப்பூர்க்காரர் யாராவது மாற்றி எழுதிவிட்டால் அதற்காகக் கூச வேண்டியதில்லை.

1978வாக்கில் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இந்த ஊருக்கு வந்தார். நேரடி ஏற்றுமதிக்கு அதுதான் தொடக்கம் என்று திருப்பூரில் சொல்வது வழக்கம். அன்றைக்குத் தொழில் நடத்தியவர்களில் பலர் தோட்டங்காட்டிலிருந்து வந்தவர்கள், பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்கள். தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு உலகச் சந்தையைப் பிடித்தார்கள். ஓவர்லாக், சிங்கர், பவர்டேபிள், செக்கிங், சாம்பிள் என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தமிழாகவே மாறிப் பனியன் கம்பெனிப் பேச்சில் கலந்தன. அவை எல்லாமே பொருளையோ வேலையையோ குறிக்கும் சொற்கள்; தொட்டோ பார்த்தோ புரிந்துகொள்ளலாம். மனசின் நிலையைக் குறிக்கும் சொற்கள் அப்படி வந்து சேரவில்லை.

மனமின்மையைச் சொல்வதில் தமிழுக்கு உள்ள தனிச் சொத்து ஒன்று உண்டு. அது ‘மாட்டேன்’. பழந்தமிழில் ‘மாட்டுதல்’ என்றால் இயலுதல். அப்போது ‘மாட்டேன்’ என்றால் என்னால் முடியாது. இன்றைக்கு அதே சொல் எனக்கு விருப்பமில்லை என்று திரும்பிவிட்டது. முடியாமை மனமின்மையாக மாறியது மொழி வரலாற்றில் அழகான ஒரு நகர்வு. ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று இருந்தது. ‘வில்’ என்றால் விரும்புவது, ‘நில்’ என்றால் விரும்பாமலிருப்பது. அந்த ‘நில்’ தனியாகச் செத்துப்போய், ‘வில்லி–நில்லி’ என்ற இரட்டைச் சொல்லில் மட்டும் உயிரோடிருக்கிறது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் என்பதே அதன் தொடக்கப் பொருள்.

தமிழ் இந்த ‘மாட்டேன்’ என்பதை மனிதரோடு நிறுத்தவில்லை. நிட்டிங் தளத்தில் காதுகொடுத்தால், “மெஷின் ஓட மாட்டேங்குது”, “நூல் வர மாட்டேங்குது” என்று கேட்கும். சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால், “ஷேடு பிடிக்க மாட்டேங்குது.” இரும்புக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் மனசு வைத்துப் பேசுகிறார்கள், அவை ஒத்துழைக்க மறுக்கின்றன என்பதுபோல.

இதையே 1888இல் இங்கிலாந்தில் ஒருவர் அறிவியலில் செய்தார். அவர் ஆலிவர் ஹெவிசைடு. பதினாறு வயதில் பள்ளியை விட்டு, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து, மின்காந்தவியலைத் தானாகவே படித்துக் கரைகண்டவர். கம்பியில் மின்சாரம் ஓடுவதற்குத் தடை இருப்பதுபோல, காந்தப்பாயம் ஒரு பொருளுக்குள் போவதற்கும் தடை உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ரிலக்டன்ஸ்’. இரும்புக்கு அது குறைவு, காற்றுக்கு மிக அதிகம். காந்தப்பாயம் எப்போதும் மல்லுக்கட்டு குறைந்த வழியைத் தேடித்தான் போகும். இண்டக்டன்ஸ், இம்பீடன்ஸ் என்று மின்பொறியியல் மாணவர்கள் இன்று படிக்கும் சொற்களில் பலவும் ஹெவிசைடு வைத்தவையே.

அந்தக் குணத்தை வைத்து ஓடும் மோட்டாரே இருக்கிறது. ‘ரிலக்டன்ஸ் மோட்டார்’ எனப்படும் அதில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தமும் இல்லை, கம்பிச் சுற்றும் இல்லை. பல்வைத்த எஃகு மட்டுமே. காந்தப்பாயத்துக்கு எளிதான வழி கிடைக்கும் நிலைக்கு அந்த எஃகு திரும்பி வந்து நிற்கப் பார்க்கும். அது வந்து நிற்பதற்குள் மின்சாரம் அடுத்த சுற்றுக்கு மாறிவிடும். மறுபடி திரும்பும், மறுபடி மாறும். இப்படியே ஓட்டம் தொடரும். பெல்ஜியத்தின் பிக்கானோல் நிறுவனம் தன் நெசவுத் தறிகளில் இவ்வகை மோட்டாரைப் பயன்படுத்தியிருக்கிறது. துணி உலகத்துக்கு இந்தச் சொல் கடிதம் வழியாக மட்டும் வரவில்லை, இயந்திரம் வழியாகவும் வந்திருக்கிறது.

தமிழ்வழி இயற்பியலில் ‘காந்தத் தயக்கம்’ என்று ஒரு பாடம் உண்டு. அது ‘ஹிஸ்டெரிசிஸ்’ என்பதற்கான சொல். பின்தங்கி வருவது என்று பொருள். ‘ரிலக்டன்ஸ்’ என்பதைக் ‘காந்தத் தடை’ என்று எழுதுவது வழக்கம். சொல்லாக்கியவர்கள் சரியாகப் பிரித்திருக்கிறார்கள். பின்தங்குவது தயக்கம், எதிர்த்து நிற்பது தடை. அறிவியலில் காட்டிய இந்தக் கவனம் அலுவலகக் கடிதத்துக்கும் வேண்டும்.

திருப்பூருக்கு மறுப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1932 ஜனவரி 10ஆம் தேதி விடுதலைப் போராட்டத்தில் அடிவாங்கி விழுந்தும் கொடியை விடாமல், மறுநாள் உயிர்விட்ட குமரன் பெயரில் இங்கே சாலை இருக்கிறது. 1984இல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவை மனமின்மை அல்ல, தெளிவான மறுப்பு. மனமின்மைக்கு இந்த ஊரின் பெரிய உதாரணம் நொய்யல் ஆற்றங்கரையில் கிடக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு வெளியேறும். பல வருஷங்கள் அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரை, வேண்டவே வேண்டாம் என்று பாசன உழவர்களே சொல்லும் நிலை வந்தது. அவர்கள் சொன்னது மறுப்பு. சாயப்பட்டறைக்காரர்களிடம் இருந்ததோ ‘ரிலக்டன்ஸ்’. ஆறு கெடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். சுத்திகரிக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னதில்லை. கழிவுநீரை வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, உப்பையும் தண்ணீரையும் பிரித்தெடுக்க ஆகும் செலவை நினைத்தால் மனசு வரவில்லை. அவகாசம் கேட்டார்கள், பிறகு மறுபடியும் கேட்டார்கள். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து மூன்று மாதம் கெடு வைத்தது. 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

அந்த மாதங்களில் சாயம் போடத் துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பியவர்களும், வேலையில்லாமல் ஊர் திரும்பியவர்களும் இன்னும் அதை மறக்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறியபின் படிப்படியாகப் பட்டறைகள் திறந்தன. இன்று அதே முறையைத்தான் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் தங்கள் ஊரின் பெருமையாக எடுத்துச் சொல்கிறார்கள். மனசில்லாமல் செய்த வேலையே முதலீடாக மாறியிருக்கிறது. ஆனால் அந்த மனமின்மை நீடித்த வருஷங்களுக்கு விலை கொடுத்தவர்கள் கீழ்ப்பகுதி உழவர்கள். அவர்கள் நிலத்தில் இறங்கிய உப்பு, நீதிமன்ற உத்தரவோடு மறைந்துவிடவில்லை.

சட்டம் மனமின்மையை எப்படிப் பார்க்கிறது என்பதும் பனியன் கம்பெனிக்கு வெளியே உள்ள விஷயமல்ல. கட்டாய உழைப்பு பற்றிய 1930ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை இந்தியா 1954இல் ஏற்றது. தண்டனை பயத்தில் வாங்கப்படும், ஒருவர் தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளாத வேலை கட்டாய உழைப்பு என்கிறது அது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வறுமை நெருக்குவதால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால், அவர் சம்மதித்ததுபோல் தெரிந்தாலும் அது கட்டாய உழைப்பே என்றது. கையெழுத்துக்குப் பின்னால் மனசு இருக்கிறதா என்று கேட்ட தீர்ப்பு அது.

திருப்பூரில் இந்தக் கேள்வி ஓவர்டைமில் வந்து நிற்கிறது. ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு ஷிப்ட் நீளும். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. அந்த வேலை தொழிலாளி விரும்பிச் செய்வதாக இருக்க வேண்டும் என்பது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வைக்கும் நடத்தை விதிகளில் பொதுவாக உண்டு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கூடுதல் நேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. தணிக்கைக்கு வருபவர் கேட்பார் என்பதால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பதும் நடக்கிறது.

அந்தக் கையெழுத்து எந்த மனசோடு விழுகிறது என்பதைப் படிவம் சொல்லாது. கூடுதல் காசு வேண்டும் என்று ஆசையாகப் போடுகிறவரும் உண்டு. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் நாளைக்கு வேலை இருக்காதோ என்று போடுகிற செக்கிங் அக்காவும் உண்டு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாமல், காட்டிய இடத்தில் கைவைக்கும் பையனும் உண்டு. மூன்று பேரின் கையெழுத்தும் காகிதத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

படிவத்தைத் தயாரிப்பவர்கள் இரண்டே இரண்டு மாற்றம் செய்தால் போதும். வேலை செய்கிறவர் படிக்கக்கூடிய மொழியில் அச்சடியுங்கள்: தமிழில், இந்தியில், ஒடியாவில். ‘சம்மதம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், ‘இன்று எனக்கு மனமில்லை’ என்று இன்னொரு கட்டமும் வையுங்கள். அதில் குறியிட்டவர் மறுநாள் காலை வழக்கம்போல் தன் மெஷினில் வந்து உட்கார முடிய வேண்டும்.